துப்பாக்கியா, பெல்லட்டா, நானா? குறி தவறும்போது குற்றவாளியைப் பிடிக்கும் கலை!

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். ஆண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிப்போட்டி தொடங்க இன்னும் சில நிமிடங்கள்தான். தகுதிச்சுற்றில் 600-க்கு 596 எடுத்து நான்காவது இடத்தில் இருக்கிறார் அபினவ் பிந்த்ரா. துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புள்ளிக் கணக்கில் சேராத ஒத்திகைச் சுற்றில் ஒரு முறை சுடுகிறார். திரையில் வந்த எண்: 4.

வகுப்பில் எப்போதும் சென்டம் வாங்கும் பையன், திடீரென்று நாற்பது மார்க் பேப்பரோடு வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு அதிர்ச்சி அது. சற்று முன்பு வரை 60 முறை சுட்டு, நான்கே நான்கு புள்ளிகளை மட்டும் இழந்த கை. அதே துப்பாக்கி. அதே ஆள். எங்கே போனது குறி?

அந்த நேரத்தில் எந்த வீரருக்கும் மனதில் எழும் முதல் கேள்வி, 'என் கை நடுங்குகிறதா?' என்பதுதான். பதற்றத்தில் அப்படி நினைத்துக்கொண்டு, உடம்பைச் சரிசெய்யப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிந்த்ரா தன் கையைச் சந்தேகப்படவில்லை. துப்பாக்கியின் சைட்டைச் சந்தேகப்பட்டார். குறிபார்க்க உதவும் அந்தச் சின்னக் கருவி இடம் மாறியிருந்தது. அவசரமாகத் திருகித் திருகிச் சரிசெய்தார். யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

புள்ளிக் கணக்கு தொடங்கியதும் அவர் சுட்ட முதல் ஷாட், 10.7.

'நானா, துப்பாக்கியா?' என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் சரியான விடை கண்டுபிடித்தாரே, அது எப்படி சாத்தியமானது? அதற்கு முதலில், இந்த விளையாட்டில் 'தவறு' என்பதன் அளவு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முற்றுப்புள்ளியைச் சுடும் விளையாட்டு

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் இருக்கும் '10' என்ற புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். நீங்கள் இப்போது மொபைலில் படித்துக்கொண்டிருக்கும் இந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அளவுதான். மொத்த இலக்கின் குறுக்களவே 45.5 மில்லிமீட்டர். வீட்டு டீ டம்ளரின் அடிப்பாகத்தை விடச் சிறியது. அதை 10 மீட்டர் தள்ளி நின்று, லென்ஸ் இல்லாத சைட் வழியாகப் பார்த்து, நின்றபடியே சுட வேண்டும்.

பெல்லட்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 குறையும். இந்தக் கணக்கில் பார்த்தால், 4 என்பது நடுவிலிருந்து சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் விலகல். நமக்கு அது ஒரு விரல் அகலம். அவர்களுக்கு அது பக்கத்து ஊர்!

சைட் எவ்வளவு நகர்ந்தால் இப்படி ஆகும்? துப்பாக்கியின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பின் சைட் வெறும் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, 10 மீட்டர் தாண்டி அது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் விலகலாகிவிடும். 10 கைநழுவி 9 ஆகிவிடும். 4 விழ வேண்டுமென்றால், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்தால் போதும். பையிலிருந்து எடுக்கும்போது ஓரிடத்தில் இடித்தாலோ, யாராவது விளையாட்டாகக் குமிழைத் திருப்பினாலோ கூட ஆகிவிடக்கூடிய அளவு அது.

மூன்று சந்தேக நபர்கள்

குறி தவறினால் வரிசையில் நிற்கவைத்து விசாரிக்க வேண்டியவர்கள் மூன்று பேர். துப்பாக்கி, பெல்லட், சுடுபவர். இதில் சிக்கல் என்னவென்றால், மூன்று பேரும் ஒரே மாதிரிப் பொய் சொல்வார்கள். சைட் லூஸானாலும் பெல்லட் விலகும். பெல்லட் சரியில்லை என்றாலும் விலகும். மூச்சு தவறினாலும் விலகும். அட்டையில் விழுந்த ஓட்டையைப் பார்த்து, 'இது இவன் வேலை' என்று ஒரே பார்வையில் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் பயிற்சியாளர்கள் ஒற்றை ஷாட்டைப் பார்ப்பதில்லை. ஐந்தோ பத்தோ சுட்டபிறகு, அந்த ஓட்டைகள் எப்படிக் கூட்டம் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். இதற்கு 'குரூப்' என்று பெயர்.

எல்லாம் நெருக்கமாக விழுந்து, ஆனால் இலக்கின் இடது ஓரத்தில் கூட்டமாக இருக்கிறதா? சந்தோஷப்படலாம். சுடுபவர் நன்றாகத்தான் சுடுகிறார். சைட்டைத் திருகினால் போதும். மேலும் கீழுமாகக் கோடு போட்டதுபோல் விழுந்திருக்கிறதா? பெரும்பாலும் மூச்சைப் பிடிக்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பக்கவாட்டில் பரவியிருந்தால் நிற்கும் கோணம் அல்லது விசையை அழுத்தும் விரல். இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுந்திருந்தால்தான் விசாரணை சூடுபிடிக்கும். ஏதோ ஒன்று இரண்டு நிலைகளில் மாறி மாறி உட்காருகிறது என்று அர்த்தம். அது கழன்ற திருகாகவும் இருக்கலாம். துப்பாக்கியில் பதிக்கும் கன்னம் ஒரு முறை அரை சென்டிமீட்டர் முன்னே, மறுமுறை பின்னே போவதாகவும் இருக்கலாம்.

இவையெல்லாம் துப்புகள்தாம், தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்கு வேறு வழி இருக்கிறது. சந்தேக நபர்களில் ஒருவரை அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவது.

உடுக்கை வடிவ ஈயத்துண்டு

முதலில் மனிதரை வெளியே அனுப்புவோம். துப்பாக்கியைப் பட்டறையில் இருக்கும் வைஸ் போன்ற ஒரு பிடியில் அசையாமல் பொருத்திவிடுகிறார்கள். கண் இல்லை, கை இல்லை, மூச்சு இல்லை. அப்படியே பத்து பெல்லட் சுடுகிறார்கள். நல்ல துப்பாக்கியும் அதற்கு ஒத்துவரும் பெல்லட்டும் சேர்ந்தால், பத்தும் ஒரே ஓட்டை வழியாகப் போனதுபோல் இருக்கும். எண்ணிப் பார்த்தால்தான் பத்து என்று நம்புவோம்.

'ஒத்துவரும் பெல்லட்' என்று சொன்னேன் அல்லவா? சுவாரசியமே அங்கேதான். ஏர் ரைஃபிள் பெல்லட் என்பது 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயத்துண்டு. எடை அரை கிராமை ஒட்டி இருக்கும். நடுவில் இடுப்பு ஒடுங்கி, பார்ப்பதற்குக் குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். தலை தட்டையாக இருப்பதால், ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போல அட்டையில் சுத்தமான வட்டமாக ஓட்டை போடும்.

பெட்டியின் மேல் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஆனால் வேறொரு நாள் தயாரித்த பெட்டி என்றால்கூட, ஒரு துப்பாக்கியில் அது பிரமாதமாகவும் இன்னொன்றில் சுமாராகவும் போகும். அம்மாவின் தோசைக்கல்லில் வரும் தோசை, அதே மாவில் நம் கல்லில் வராதே, அந்தக் கதைதான். ஆகவே பெரிய போட்டிக்குப் போகிறவர்கள், பல பெட்டிகளை இப்படிப் பிடியில் வைத்துச் சுட்டுப் பார்த்து, தங்கள் துப்பாக்கிக்குப் பிடித்த தயாரிப்பு எது என்று கண்டுபிடித்து, அதே தயாரிப்பில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது தீர்ந்துபோனால் மறுபடி தேடல்.

பெல்லட் பாஸ் ஆகிவிட்டது, பிடியில் வைத்தும் குரூப் சிதறுகிறது என்றால் மாட்டிக்கொண்டது துப்பாக்கி. கழன்ற திருகுகள், குழலுக்குள் படிந்த ஈயம், தேய்ந்துபோன ரப்பர் வளையம், காற்றழுத்தம். இந்தத் துப்பாக்கிகளில் பெல்லட்டைத் தள்ளுவது சிலிண்டரில் அடைத்த காற்று. சுமார் 200 பார் அழுத்தத்தில் நிரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை வெளியே விடுவது உள்ளே இருக்கும் ரெகுலேட்டரின் வேலை. அது கோளாறானால் ஒரு பெல்லட் வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் போகும். வீட்டு கேஸ் சிலிண்டருக்கு இருப்பதுபோல, இந்தச் சிலிண்டருக்கும் காலாவதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். குறியைவிட உயிர் முக்கியம்.

சரிசெய்யும்போது எல்லோரும் செய்யும் ஒரு தப்பு இருக்கிறது. சைட்டையும் திருகி, பெல்லட்டையும் மாற்றி, நிற்கும் விதத்தையும் மாற்றிச் சுட்டுப் பார்ப்பது. குறி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. நாளைக்கு மறுபடி தவறினால் எங்கே தேடுவது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். கேட்க சுலபம். தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது.

ஏதென்ஸில் ஆடிய தரை

மூன்றாவது சந்தேக நபர், மனிதர். இங்கே பிந்த்ராவின் கதையை நான்கு வருடம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். தகுதிச்சுற்றில் 597 எடுத்து மூன்றாவதாக இறுதிக்குள் நுழைந்தார் பிந்த்ரா. பதக்கம் உறுதி என்று தோன்றிய நேரம். இறுதியில் பத்து ஷாட்களில் அவர் எடுத்தது வெறும் 97.6. எட்டுப் பேரில் ஏழாவது இடம். துப்பாக்கி நன்றாக இருந்தது. பெல்லட் நன்றாக இருந்தது. தன் உணர்விலும் எந்தத் தவறும் தெரியவில்லை. ஆனால் குறி மட்டும் தவறிக்கொண்டே போனது.

அவர் நின்ற இடத்தில் தரை ஓடு சரியாகப் பதியாமல் அதிர்ந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி, பெல்லட், மனிதர் என்ற மூன்று பேர் பட்டியலிலேயே இல்லாத நான்காவது ஆள், காலுக்கடியில் ஒளிந்திருந்திருக்கிறான்!

இந்த இடத்தில் பலர் விதியை நொந்துகொண்டு போயிருப்பார்கள். எனக்கு பிந்த்ரா மேல் மரியாதை வருவது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. சண்டிகர் அருகே இருந்த தன் வீட்டில், குடும்பத்தார் கட்டித்தந்த சொந்தப் பயிற்சிக்கூடம் அவருக்கு இருந்தது. அங்கே வேண்டுமென்றே ஆடும் ஓட்டைப் பதித்து, அதன்மேல் நின்று பயிற்சி செய்தார். தரை ஆடினாலும் சுடப் பழகிவிட்டால், அந்தச் சந்தேக நபரை நிரந்தரமாக விடுதலை செய்துவிடலாமே.

பெய்ஜிங்குக்கு முன்பு இன்னொன்றும் செய்தார். ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அதை ஒலிம்பிக் அரங்கம் போல மாற்றிப் பயிற்சி எடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் பணக்கார வீட்டுப் பிள்ளையின் கிறுக்குத்தனம் என்று தோன்றும். வசதி இருந்தது என்பதும் உண்மைதான். எல்லோருக்கும் வீட்டில் ஷூட்டிங் ரேஞ்ச் கட்ட முடியாது. ஆனால் வெளிச்சம் மாறினால் கண்ணின் பாவை சுருங்கி விரியும், சைட்டுக்குள் தெரியும் கறுப்பு வட்டத்தின் தோற்றமே மாறும். உயர்ந்த கூரை, பெரிய கூட்டம், வேறு மாதிரி விளக்குகள் என்ற புதுச் சூழலில் குறி தவறினால், காரணம் அந்தச் சூழலா என்ற கேள்வியே எழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இப்போது அந்த 4-க்குத் திரும்பலாம். தரை ஆடினாலும் என்னால் 10 சுட முடியும், விளக்கு மாறினாலும் முடியும் என்று பல வருடங்களாகத் தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த ஒருவர், திரையில் 4 பார்க்கிறார். அவர் மோசமாகச் சுட்டால்கூட 9-தான் விழும். ஒன்றரை சென்டிமீட்டர் விலக அவரால் முடியாது. மிச்சமிருப்பது ஒரே ஆள், சைட்.

அன்று அவர் சுட்ட பத்தும் வரிசையாக: 10.7, 10.3, 10.4, 10.5, 10.5, 10.5, 10.6, 10.0, 10.2, 10.8. கடைசி ஷாட்டுக்கு முன் அவரும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் சரிசமமான புள்ளியில் நின்றார்கள். ஹக்கினன் 9.7. பிந்த்ரா 10.8, அதாவது நடுவிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள். மொத்தம் 700.5. ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம்.

கண்டுபிடித்தும் தோற்ற நாள்கள்

குற்றவாளியைப் பிடித்துவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலை 25, டோக்கியோ. பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதியிலேயே பழுதானது. இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, கோளாறு கருவியில்தான். ஆனால் கடிகாரம் நிற்காது. 60 ஷாட்களுக்கு 75 நிமிடம் என்ற கணக்கில், ஏறக்குறைய 20 நிமிடங்கள் பழுதுபார்ப்பதில் போயின. மிச்ச ஷாட்களை ஓட்டமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-வது இடம். இரண்டு புள்ளிகளில் இறுதிச்சுற்று நழுவியது. மூன்று வருடம் கழித்து, 2024-ல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியத் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை ஆனார்.

பிந்த்ராவுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2016 ரியோ, அவருடைய கடைசி ஒலிம்பிக்ஸ். போட்டிக்கு முன் துப்பாக்கி கீழே விழுந்து சைட் உடைந்தது. வேறு சைட்டைப் பொருத்திக்கொண்டு களமிறங்கினார். புது சைட் என்றால் புதுச் செருப்பு மாதிரி. அளவு சரியாக இருந்தாலும் பழக நாளாகும். அதோடு தகுதிச்சுற்றில் ஏழாவதாக வந்து, இறுதியில் மூன்றாவது இடத்துக்கு உக்ரைனின் செர்ஹி குலிஷுடன் சமன்வரை போனார். சமனை முறிக்க ஆளுக்கு ஒரே ஒரு ஷாட். குலிஷ் 10.5. பிந்த்ரா 10.0. பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவே இருந்தது ஒன்றேகால் மில்லிமீட்டர்.

நம்மூர் ரசிகர்களுக்கு இந்த மில்லிமீட்டர் வலி புதிதல்ல. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 630.7 எடுத்தார். 60 ஷாட்களில் சராசரி 10.5-க்கும் மேல். கிடைத்தது பத்தாவது இடம். இறுதிக்குப் போவது எட்டுப் பேர்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு

பள்ளி என்.சி.சி-யிலோ, ஊரிலுள்ள ரைஃபிள் கிளப்பிலோ உங்கள் மகனோ மகளோ இப்போதுதான் ஏர் ரைஃபிளைத் தொட்டிருந்தால், சில விஷயங்கள் உதவும். பயிற்சி எப்போதும் கிளப்பில், பயிற்சியாளர் எதிரில்தான். மொட்டை மாடியில் தகர டப்பா வைத்துச் சுடுவது இந்த விளையாட்டில் சேராது. ஈயம் தெறித்துக் கண் போனால் போனதுதான்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்பது, 'அப்பா, வேற துப்பாக்கி வாங்கித் தாங்க' என்பதுதான். லட்சங்களில் செலவு. பர்ஸைத் திறப்பதற்கு முன், பயிற்சியாளரை அதே கிளப் துப்பாக்கியில், அதே பெல்லட்டில் பத்து ஷாட் சுடச் சொல்லுங்கள். அவருடைய குரூப் நெருக்கமாக விழுந்தால், துப்பாக்கி நிரபராதி. அவருக்கும் சிதறினால் திருகுகளை இறுக்கி, குழலைச் சுத்தம் செய்து, வேறு பெட்டி பெல்லட் போட்டுப் பார்த்தபிறகு புதுசு பற்றி யோசிக்கலாம்.

துப்பாக்கி நிரபராதி என்று தெரிந்துவிட்டால், பிள்ளைக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. குறிபார்த்து நிற்கட்டும். கண்ணை மூடி இரண்டு முறை மூச்சு இழுத்து விடட்டும். கண்ணைத் திறக்கும்போது சைட் இலக்கிலேயே இருந்தால் நிற்கும் நிலை சரி. பக்கத்தில் நகர்ந்திருந்தால், கையால் துப்பாக்கியை இழுத்துக் கொண்டுவரக் கூடாது. பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி, உடம்பே இலக்கைப் பார்க்கும்படி நிற்க வேண்டும். கையால் இழுத்துப் பிடித்துச் சுட்டால், விசையை அழுத்தும் நொடியில் உடம்பு தன் பழைய இடத்துக்கே திரும்பும். குறியும் கூடவே போகும்.

இன்னொரு பயிற்சியைப் பிள்ளைகள் முதலில் ரசிப்பதில்லை. இலக்கு அட்டையைத் திருப்பி, பின்பக்க வெள்ளையை மட்டும் காட்டிச் சுடச் சொல்வார்கள். வட்டம் இல்லை, எண் இல்லை, 10-ம் இல்லை, 4-ம் இல்லை. மூச்சு, கன்னம், விரல் என்று தன் உடம்பை மட்டும் கவனித்தபடி பத்து முறை சுட வேண்டும். சுட்டு முடித்தபின் அட்டையில் ஓட்டைகள் எங்கே விழுந்தன என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று மட்டும் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பார்கள்.